பெண் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு ஊர் கூடிப் பணம் திரட்ட: பத்திரம் முதல் ரசீது வரை ஒரு வழிகாட்டி

அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் பிள்ளை காசில்லாமல் வீட்டோடு நின்றுவிடக் கூடாது என்று நினைக்கிற பழைய மாணவிகள், ஆசிரியைகள், ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊரில் நாங்கள் ஒரு அறக்கட்டளை தொடங்கி நடத்துகிறோம். பணம் கேட்டால் ஊர் கொடுக்கிறது. அந்தப் பணத்தை முறையாக வாங்கி, உரிய நாளில் பிள்ளையிடம் சேர்த்து, அரசாங்கத்துக்குக் கணக்கு காட்டுவதுதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேல் காலண்டரைப் பாருங்கள். பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. கல்லூரிச் சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம் எல்லாம் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கட்ட வேண்டும். பத்திரப் பதிவில் தொடங்கி வரிப் பதிவு கைக்கு வர நாலைந்து மாதம் பிடிக்கும். ரிசல்ட் வந்த பிறகு கிளம்பினால் அந்த வருடத்துப் பிள்ளைகளுக்கு எதுவும் செய்ய முடியாது. தீபாவளி முடிந்ததும் வேலையைத் தொடங்குங்கள், பங்குனிக்குள் காகிதம் எல்லாம் முடிந்திருக்கட்டும்.

இன்னொன்று. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல். பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ஆடிட்டர் அலுவலகத்திலும் நன்கொடையாளர் வாயிலும் புழங்குவது இன்னும் 12ஏ (அறக்கட்டளைக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) என்கிற பழைய பெயர்கள்தான் என்பதால் நானும் அதையே எழுதுகிறேன். விண்ணப்பிக்கும் நாளில் புதிய எண் என்ன என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பதிவு தேவையா என்று முதலில் பாருங்கள்

வருடத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு, தெரிந்தவர்கள் மட்டும் சேர்ந்து உதவப் போகிறீர்கள் என்றால் அறக்கட்டளை வேண்டாம். கட்டணத்தை அவரவர் கணக்கிலிருந்து நேராகக் கல்லூரிக் கணக்குக்குக் கட்டிவிட்டு ரசீதைப் பிள்ளையிடம் கொடுங்கள். தணிக்கை இல்லை, வருடாந்திரப் படிவம் இல்லை. நிறையப் பேர் இந்த அளவிலேயே நல்ல வேலை செய்கிறார்கள்.

தெரியாதவர்களிடமும் பணம் வாங்கப் போகிறீர்கள், வருடா வருடம் நடத்தப் போகிறீர்கள் என்றால் பதிவு வேண்டும். ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணுக்கு ஊர்ப் பணம் வரக் கூடாது. எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவருடைய சம்பளமும் ஊர்ப் பணமும் ஒரே கணக்கில் கலந்த அன்றே பேச்சு கிளம்பிவிடும். வருமான வரி நோட்டீஸ் வந்தாலும் அவர் பெயருக்குத்தான் வரும்.

பதிவில் மூன்று வகை உண்டு. சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் குறைந்தது 7 உறுப்பினர்கள் வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் பதிந்து, ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். பிரிவு 8 கம்பெனிக்கு, அதாவது லாப நோக்கில்லாத கம்பெனிக்கு, செலவும் படிவங்களும் அதிகம். ஊர் அளவில் நடத்துகிறவர்களுக்குப் பொது அறக்கட்டளைதான் சரிப்படும் என்பது என் கருத்து. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால் போதும்.

அறங்காவலர்கள் ஐந்து பேர் இருக்கட்டும். அதில் மூன்று பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வங்கியில் கையெழுத்துப் போடுகிறவர்களிலும் பெண்கள் இருக்க வேண்டும். உதவி கேட்டு வருகிற தாய்மார்கள் வீட்டுக் கஷ்டத்தை, குடிக்கிற கணவனைப் பற்றி, ஒரு ஆண்கள் குழுவின் முன்னால் உட்கார்ந்து சொல்ல மாட்டார்கள்.

2. அரசு ஏற்கெனவே எதைக் கொடுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் பணம் திரட்டினால், அரசு கொடுக்கிற இடத்திலேயே நாமும் கொடுத்துக்கொண்டிருப்போம்.

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வி சேர்ந்த பெண் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்குக் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால், வீட்டில் முதல் பட்டதாரி என்ற சான்றுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பட்டியலினப் பிள்ளைகளுக்குத் தனி உதவித்தொகையும் விடுதிகளும் இருக்கின்றன. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை.

அப்படியானால் பணம் எங்கே தேவைப்படுகிறது? சேரும் நாளில். உதவித்தொகை வருகிற மாதம் வேறு, கல்லூரி கேட்கிற நாள் வேறு. விடுதி முன்பணம், மெஸ் பில், சீருடை, நர்சிங் மாணவிக்கு வெள்ளைக் கோட்டு, வரைபடப் பலகை, தேர்வுக் கட்டணம், மூக்குக் கண்ணாடி, பழைய லேப்டாப். திருச்சியிலோ தஞ்சாவூரிலோ இடம் கிடைத்து, தங்க வழியில்லாமல் விட்டுவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் செலவில் பெரும்பகுதி விடுதிக்குத்தான் போகிறது.

மிகக் குறைந்த செலவில் பெரிய பலன் தருவது ஒன்று இருக்கிறது: பொறியியல் கவுன்சிலிங் பதிவுக் கட்டணம். பொதுவாக 500 ரூபாய், பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 250. இதைக் கட்டி, இ-சேவை மையத்தில் உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்தாலே பாதி உதவி முடிந்தது. ஏனென்றால் ரிசல்ட் வந்த வாரமே ஏஜென்ட்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். "கவுன்சிலிங்குக்கெல்லாம் அலைய வேணாம்மா, நான் சீட் வாங்கித் தர்றேன்" என்று மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிடுவார்கள். அதில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகையும் போய்விடும், 7.5 விழுக்காடும் போய்விடும்.

3. பத்திரம்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இது. பின்னால் வருகிற எல்லா அலுவலகமும் இந்தப் பத்திரத்தைத்தான் முதலில் கேட்கும்.

பத்திர எழுத்தர் கையில் ஒரு பழைய மாதிரி இருக்கும். அதை அப்படியே வாங்கிக் கையெழுத்துப் போடாதீர்கள். கீழே உள்ளவை பத்திரத்தில் இருக்கின்றனவா என்று வரி வரியாகப் படியுங்கள்:

நோக்கம். பெண்கள், பெண் குழந்தைகளின் கல்வி, மருத்துவம், வறுமை நிவாரணம் என்று தெளிவாக எழுதுங்கள். "எங்கள் சமுதாயப் பெண்களுக்கு" என்று ஒரு சாதியையோ மதத்தையோ குறிப்பிட்டு எழுதினால் வரி விலக்கும் 80ஜியும் சிக்கலாகும். பெண்கள், குழந்தைகள் என்று நிறுத்திக்கொண்டால் சட்டமே அதைத் தனிச் சமூகத்துக்கான அறக்கட்டளையாகக் கருதுவதில்லை. சாதி பார்க்காமல் கொடுப்பதுதான் நியாயம், சட்டமும் அதற்குத் துணை நிற்கிறது.

திரும்பப் பெற முடியாதது என்ற வாசகம். அறக்கட்டளை கலைந்தால் மீதிச் சொத்து அதே மாதிரியான இன்னொரு அறக்கட்டளைக்குப் போக வேண்டும், அறங்காவலர்கள் பிரித்துக்கொள்ளக் கூடாது என்ற வாசகம். அறங்காவலர்களுக்கு லாபமோ பங்கோ கிடையாது என்ற வாசகம். நிதி இந்தியாவுக்குள் மட்டுமே செலவிடப்படும் என்பது. கணக்காண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை என்பது. வங்கிக் கணக்கை எந்த இருவர் சேர்ந்து இயக்குவார்கள் என்பது. அறங்காவலர் இறந்தாலோ விலகினாலோ புதியவரை எப்படிச் சேர்ப்பது என்பது.

பெயரின் எழுத்துக்கூட்டல். தமிழில் பத்திரம் எழுதினால், ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எந்த எழுத்துகளில் எழுதுவது என்பதையும் பத்திரத்திலேயே போட்டுவிடுங்கள். பான் கார்டில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி வந்துவிட்டால் ஒவ்வொரு படிவமும் திரும்பி வரும். "அறக்கட்டளை" என்பதை ஓரிடத்தில் அப்படியே ஒலிபெயர்த்தும், இன்னோரிடத்தில் டிரஸ்ட் என்றும் எழுதினாலே போதும், சிஸ்டம் ஏற்காது.

தேவைப்படும் காகிதம்: நிறுவுபவர், அறங்காவலர்கள் எல்லோருடைய ஆதார், பான், பாஸ்போர்ட் அளவுப் படம், இரண்டு சாட்சிகளின் ஆதார், அலுவலக முகவரிக்கு வீட்டு வரி ரசீது அல்லது மின் கட்டண ரசீது, வீடு வேறொருவருடையது என்றால் அவருடைய சம்மதக் கடிதம். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் விவரம் ஏற்றி டோக்கன் எடுத்துப் போக வேண்டும். கைரேகையும் படமும் எடுப்பார்கள் என்பதால் நேரில் போயே ஆக வேண்டும்.

செலவில் நாலு பகுதி: முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், கணினிக் கட்டணம், எழுத்தர் கூலி. முதல் மூன்றையும் பதிவுத்துறைத் தளத்தில் நீங்களே பார்க்கலாம். எழுத்தர் மொத்தமாக ஒரு தொகை சொன்னால், பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தொடக்க நிதியைச் சிறு ரொக்கத் தொகையாக வையுங்கள். முதல் நாளே இடமோ கட்டடமோ சேர்த்தால் தீர்வை ஏறும்.

பதிவான பத்திரத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றும் இப்போதே தயார் செய்து வையுங்கள். வரித்துறையில் கேட்பார்கள்.

4. பான், வங்கிக் கணக்கு, தர்பன்

அறக்கட்டளை பெயரில் பான் எடுக்க 49ஏ படிவம். கட்டணம் நூறு ரூபாயை ஒட்டித்தான். பத்திர நகல் போதும். இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும்.

வங்கிக் கணக்கில்தான் இழுத்தடிப்பு. ஒரு கிளையில் எங்களை அறக்கட்டளைக்குச் சேமிப்புக் கணக்கே கிடையாது, நடப்புக் கணக்குத்தான் என்று திருப்பி அனுப்பினார்கள். கல்வி, அறப்பணி நோக்கமுள்ள அறக்கட்டளைக்குச் சேமிப்புக் கணக்கு தரலாம். கிளை மேலாளரையே நேரில் பார்த்துப் பேசுங்கள். பதிவான பத்திரம், பான், அறங்காவலர் அனைவரின் கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்று), கணக்குத் தொடங்கத் தீர்மானம் போட்ட கூட்டக் குறிப்பு ஆகியவற்றை ஒரே ஃபைலில் கொண்டு போங்கள். தீர்மானத்தில் "இருவர் சேர்ந்து கையெழுத்து" என்று இருக்க வேண்டும். கணக்குத் திறந்த கையோடு அறக்கட்டளை பெயரிலேயே கியூஆர் அட்டை கேட்டு வாங்குங்கள்.

தொண்டு நிறுவனங்களைப் பதிந்துகொள்ளும் நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்பன் தளத்தில் பதிவு இலவசம். யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

5. 12ஏ, 80ஜி

12ஏ என்பது அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரி விலக்கு. 80ஜி என்பது நன்கொடை கொடுக்கிறவருக்கு வரிச் சலுகை. இரண்டுக்கும் வருமான வரித் தளத்தில் 10ஏ படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் எதுவும் இல்லை, ஆடிட்டர் ஃபீஸ் மட்டும்தான். அதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் படிப்புக்கு என்று சொன்னால் குறைத்துக்கொள்கிற ஆடிட்டர்கள் உண்டு.

தற்காலிகப் பதிவு, விண்ணப்பித்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் வர வேண்டும். மூன்று ஆண்டு செல்லும். ஆனால் இது இன்னும் செயல்பாட்டைத் தொடங்காத அறக்கட்டளைக்கு உரியது. பணம் திரட்டி உதவித்தொகை கொடுக்கத் தொடங்கிய பிறகு போனால் நேராக முறையான பதிவுக்கு 10ஏபி படிவத்தில் போகச் சொல்வார்கள். அதில் கேள்விகள் அதிகம், ஆறு மாதத்துக்கு மேலும் இழுக்கும். அதனால்தான் கொடுக்கத் தொடங்குவதற்கு முன் விண்ணப்பியுங்கள் என்கிறேன்.

பெரும்பாலானோர் சிக்குகிற இடம் இதுதான். தற்காலிகப் பதிவு மூன்று ஆண்டு என்றால் மூன்று ஆண்டும் சும்மா இருக்கலாம் என்று பொருள் இல்லை. செயல்பாடு தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, இதில் எது முந்துகிறதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஜூனில் முதல் உதவித்தொகை கொடுத்தால் அந்த டிசம்பருக்குள். தவறவிட்டால் 80ஜி நின்றுபோகும், அறக்கட்டளையின் சொத்து மதிப்பின் மீதே வரி கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

முறையான பதிவுக்கு வரித்துறை செயல்பாட்டுக்குச் சான்று கேட்கும். பிள்ளைகள் படம் வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நாங்கள் கல்லூரிக் கட்டண ரசீது, போனஃபைடு சான்று (இங்கே படிக்கிறாள் என்று கல்லூரி தருவது), தேர்வுக்குழுக் கூட்டக் குறிப்பு, வங்கி அறிக்கை மட்டுமே கொடுத்தோம். படம் இல்லாமலே கிடைத்தது.

6. பணம் வாங்குவது

எங்கள் பக்கம் பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். வாசலில் மேசை போட்டு ஒருவர் பணத்தை எண்ணி உரக்கச் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் பெயர், ஊர், தொகை எழுதுவார். இப்போது கம்ப்யூட்டரில் பில்லும் அடித்துக் கொடுக்கிறார்கள். ஆண்டுக் கூட்டத்தில் நாங்கள் அதே முறையை வைத்திருக்கிறோம். எண்ணுகிறவரும் எழுதுகிறவரும் ஒருவராக இருக்கவே கூடாது. அன்று மாலைக்குள் ரொக்கம் முழுவதும் வங்கிக்குப் போய்விட வேண்டும், வங்கி மூடியிருந்தால் மறுநாள் காலை. பூ, பந்தல், டீ செலவை அந்தப் பணத்திலிருந்து எடுக்காதீர்கள். அதற்குத் தனியாக ஒருவரைப் பொறுப்பேற்கச் சொல்லுங்கள்.

ரசீதில் இருக்க வேண்டியவை: வரிசை எண், தேதி, கொடுத்தவர் பெயர், முகவரி, பான் அல்லது ஆதார் எண், தொகை, கொடுத்த வகை, அறக்கட்டளையின் பான், 80ஜி பதிவு எண். பான் வாங்காமல் விட்டுவிட்டு மே மாதம் ஒவ்வொருவராகப் போன் பண்ணித் தேடுவது பெரிய அவஸ்தை.

கொடுக்கிறவர்களிடம் இவற்றை முன்பே சொல்லிவிடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி சலுகை இல்லை. அரிசி, லேப்டாப் என்று பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. சலுகை என்பது பொதுவாகக் கொடுத்ததில் 50 விழுக்காட்டுக்குத்தான், அதற்கும் மொத்த வருமானத்தை ஒட்டிய 10 விழுக்காடு வரம்பு உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தச் சலுகையே கிடையாது. சம்பளக்காரர்கள் பலர் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். "80ஜி இருக்கு, வரி மிச்சம்" என்று சொல்லிப் பணம் வாங்கினால் அடுத்த வருடம் கோபத்தோடு வருவார்கள். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக் கேளுங்கள், அதற்கே கொடுப்பார்கள்.

"என் பேர் வேண்டாம்" என்று கொடுக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பெயரைப் பலகையில் போடாமல் இருக்கலாம், ரசீதில் எழுதாமல் இருக்க முடியாது. பெயர் தெரியாத நன்கொடை ஓர் அளவைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 30 விழுக்காடு வரி. மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது 1 லட்சம் ரூபாய், இதில் எது அதிகமோ அதுதான் அளவு. உண்டியல் வைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய சிஎஸ்ஆர் பணத்தை நம்பி முதல் வருடம் திட்டம் போடாதீர்கள். நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி என்ற மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான் அந்தக் கடமை. உங்களிடம் 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர்-1 பதிவு, மூன்று ஆண்டு அனுபவம் எல்லாம் வேண்டும். ஊர் அரிசி ஆலை முதலாளியிடம் சிஎஸ்ஆர் என்று பேசிப் பயனில்லை. அவர் மகள் படித்த பள்ளியைப் பற்றிப் பேசுங்கள்.

7. வெளிநாட்டிலிருந்து வரும் பணம்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். முதலில் கை நீட்டுகிறவர்களும் அவர்கள்தான். அவர்களிடம் வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) வைத்திருந்தாலும், ஊருக்கு வந்து ரூபாயாகக் கையில் கொடுத்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ எனப்படும் 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு அறக்கட்டளை மூன்று ஆண்டு பழையதாக இருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். பணமும் புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறக்கும் கணக்குக்குத்தான் வர வேண்டும்.

"என் அக்கா கணக்குல போட்டுடறேன், அவ எடுத்துக் கொடுத்துடுவா" என்பார்கள். வேண்டாம். எஃப்சிஆர்ஏ பதிவுள்ள வேறொரு தொண்டு நிறுவனம் வழியாக வாங்கலாமே என்றும் சொல்வார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு நிறுவனம் அந்தப் பணத்தை இன்னொன்றுக்கு மாற்றித் தர முடியாது. அன்போடு கொடுக்க வருகிறவரிடம் முடியாது என்பது சங்கடம்தான். பதிவுள்ள ஒரு நிறுவனத்துக்கே நேராகக் கொடுக்கச் சொல்லுங்கள். நம் வட்டாரப் பெண் பிள்ளைகளுக்கு வேலை செய்கிற நிறுவனமாகப் பார்த்துச் சொன்னால் அவர்களுக்கும் நிறைவு.

8. பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது

விண்ணப்பத்தை ஏப்ரலிலேயே பள்ளிகளில் கொடுத்துவிடுங்கள். தலைமையாசிரியை, வகுப்பாசிரியை இவர்களுக்குத் தெரிந்த வீட்டுக் கஷ்டம் எந்தச் சான்றிதழிலும் இருக்காது.

கேட்க வேண்டிய காகிதங்கள்: மதிப்பெண் பட்டியல், ஆதார், பிள்ளை பெயரில் வங்கிப் புத்தகம், வருமானச் சான்று, தேவைப்பட்டால் முதல் பட்டதாரிச் சான்று, தாய்க்கு ஆதரவற்ற விதவைச் சான்று. வருவாய்த்துறைச் சான்று ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்தில் 60 ரூபாய். மே, ஜூனில் விஏஓ, ஆர்ஐ மேசையில் விண்ணப்பம் குவிந்து கிடக்கும். ரிசல்ட்டுக்கு முன்பே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இதற்கு மேல் காகிதம் கேட்காதீர்கள். கூலி வேலைக்குப் போகிற அம்மாவுக்கு ஒவ்வொரு சான்றும் ஒரு நாள் கூலி.

மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள். முதல் மார்க் எடுத்தவளுக்குக் கொடுக்கப் பலர் வருவார்கள். 380 எடுத்துவிட்டு, தம்பியைப் பார்த்துக்கொண்டு, மாலையில் பூக்கட்டுகிற பிள்ளைக்கு யாரும் வர மாட்டார்கள்.

அறங்காவலர்களின் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும், பெருந்தொகை கொடுத்தவரின் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கக் கூடாது. வரிச் சட்டத்தில் விலக்கு போகும், ஊரில் பெயரும் போகும். முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள்.

படிக்கப் போகும் நிறுவனத்தைப் பாருங்கள். "ஒரு வருட நர்சிங்" என்று போர்டு போட்ட இடங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடிகளில் இருக்கின்றன. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் தமிழ்நாடு நர்சுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிய முடியாது. பிள்ளையின் வருடமும் போகும், உங்கள் பணமும் போகும். கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கட்டணம் கட்டுங்கள்.

பேசும்போது சில வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடுவது தெரியவரும். பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள், பெயர் சொல்லாமலும் சொல்லலாம். 18 ஆகியிருந்தும் வற்புறுத்தல் என்றால் பெண்கள் உதவி எண் 181.

9. கொடுப்பது

கட்டணத்தை நேராகக் கல்லூரிக் கணக்குக்கு, விடுதிப் பணத்தை விடுதிக் கணக்குக்கு அனுப்புங்கள். பிள்ளை கையில் சேர வேண்டியது அவள் பெயரிலுள்ள கணக்குக்குப் போகட்டும், அப்பா கணக்கு வேண்டாம். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதை அறச்செலவாக வரித்துறை ஏற்காது.

மேடை வேண்டாம். பெரிய அட்டையில் காசோலை அடித்து, பிள்ளையை நிற்கவைத்துப் படம் எடுத்து, ஃபிளெக்ஸில் போடுவதை ஒரு வழக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். கல்லூரியில் கூடப் படிக்கிறவர்கள் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை. எங்கள் பத்திரத்தின் கூடவே ஒரு பக்கத் தீர்மானம் இருக்கிறது: உதவி பெறும் பிள்ளையின் படமும் பெயரும் எங்கும் வராது, போன் எண் யாருக்கும் தரப்படாது. ஒரு பெரியவர், "நான் குடுக்குற பணத்துல படிக்கிற பிள்ளைக்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" என்று விடாமல் கேட்டார். நல்ல மனிதர், வாஞ்சையாகத்தான் கேட்டார். தீர்மானத்தைக் காட்டினோம். எத்தனை பேர் எந்தப் படிப்பில் எந்த வருடம் இருக்கிறார்கள் என்ற அறிக்கையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு அனுப்புகிறோம். இன்றும் கொடுத்து வருகிறார். பாலியல் வன்முறைக்கு உள்ளான சிறுமி என்றால் அடையாளத்தை வெளியிடுவது போக்சோ சட்டப்படி குற்றம், யார் மூலம் கசிந்தாலும்.

அடுத்த செமஸ்டருக்கும் பணம் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பத்துப் பேரை முதலாண்டு சேர்த்துவிட்டு இரண்டாமாண்டு கைவிடுவதைவிட, மூன்று பேரைக் கடைசி வரை படிக்கவைப்பது நல்லது.

10. வருடக் கணக்கு

மே 31-க்குள் 10பிடி படிவத்தில் எல்லா நன்கொடையாளர் விவரமும் ஏற்ற வேண்டும். தாமதமானால் ஒரு நாளைக்கு 200 ரூபாய், அதற்கு மேல் அபராதமும் உண்டு. ஏற்றிய பிறகு தளத்திலிருந்து 10பிஇ சான்றிதழ் இறங்கும். அதுதான் கொடுத்தவருக்கு வரிச் சலுகை வாங்கித் தருவது, உங்கள் அச்சடித்த ரசீது மட்டும் போதாது. இந்தத் தேதி சரியாக ரிசல்ட் வருகிற நேரத்தில் விழுகிறது. தேர்வுக் குழுவில் இருப்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், இரண்டும் கெடும்.

வருமானத்தில் 85 விழுக்காடு அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவாக வேண்டும். வரி விலக்குக்கு முந்தைய வருமானம் வரி இல்லாத உச்ச வரம்பைத் தாண்டினால் தணிக்கை கட்டாயம். தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30-க்குள், வருமான வரிக் கணக்கான ஐடிஆர்-7 படிவம் அக்டோபர் 31-க்குள். வரவே குறைவு என்றாலும் தாக்கல் செய்துவிடுங்கள். மார்ச் கடைசியில் பணம் மிஞ்சியிருந்தால் அவசரமாக எதையாவது வாங்கித் தீர்க்காதீர்கள். ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளின் ஏப்ரல் தேர்வுக் கட்டணம், விடுதி பாக்கி என்ன என்று பிப்ரவரியிலேயே கேட்டு வாங்கி, மார்ச்சுக்குள் கட்டிவிடுங்கள்.